தண்ணீர் இறங்கும் ஊர்

எங்கள் தங்கையை மேற்குக் கரையில் கட்டிக்கொடுத்தபோது எங்கள் ஊரில் பலர் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். கிழக்குக் கரையில் மாப்பிள்ளைக்கா பஞ்சம் என்று நேரிலேயே கேட்டவர்களும் உண்டு. இரண்டு கரைக்கும் அப்படியொரு ஏழாம் பொருத்தம். யாருக்கு முதலில் ரயில் வந்தது, யாருடைய துறைமுகம் பெரியது, எந்தக் கடலின் மீன் ருசி என்று எல்லாவற்றிலும் போட்டி. அவர்களுக்குச் சூரியன் கடலில் விழும். எங்களுக்குக் கடலிலிருந்து எழும். அதில்கூட யார் உசத்தி என்று ஒரு கல்யாணப் பந்தலில் கைகலப்பே நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தங்கையின் கணவரை நாங்கள் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். மனிதர் வாய்ச்சொல் வீரர். அவர்கள் ஊரில் படகு விடும் ஒரு கம்பெனிக்குப் பெயிண்ட் அடிக்கும் காண்ட்ராக்ட் அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். நலம் விசாரிப்பது இரண்டு வார்த்தை. மீதியெல்லாம் ஊர்ப் பெருமை.

"மச்சான், இங்க நேத்து ஒரு கட்டடம் திறந்தாங்க. அண்ணாந்து பார்த்தா கழுத்துச் சுளுக்கிக்கும்."

"கழுத்துச் சுளுக்குறதுக்கு ஒரு கட்டடமா? எங்க ஊர்ல குனிஞ்சு பார்த்தாலே வீடு தெரியும் மாப்பிள்ளை. மனுஷன் தரையிலதான் குடியிருக்கான்."

என் தம்பி பக்கத்தில் நின்று எடுத்துக்கொடுப்பான். அவர்கள் பக்கம் பிடிக்கிற மீன் கன்றுக்குட்டி அளவு என்பார் மாப்பிள்ளை. அங்கே பெய்கிற மழையில் எங்கள் ஊர் ஒரே நாளில் மிதக்கும் என்பார். நாங்கள் எதையும் நம்பியதில்லை. அவர் சொன்னதை நாலால் வகுத்து, வந்ததில் பாதியை எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டுக் கணக்கு. இதில் கோபதாபம் எதுவும் கிடையாது. சம்பந்திகள் என்றால் இப்படித்தான் பேசிக்கொள்ள வேண்டும்.

எங்களுக்குப் படகுதான் தொழில். ஆற்று முகத்தில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் பெரிய விசைப்படகு. அப்பா கட்டியது. வீட்டில் அதைப் பெரியவள் என்றுதான் சொல்வோம், மூத்த பெண்ணைச் சொல்வதுபோல. பெரியவளில் ஏறுகிற பயணி காலைத் தூக்கி வைக்கக்கூடாது. கரைத் திண்டிலிருந்து அப்படியே நடந்து உள்ளே போகவேண்டும் என்பது அப்பா வைத்த முறை. அதற்காகப் படகைக் கரைக்கல்லோடு ஒட்டி, ஒரு விரல்கூட நுழையாதபடி இறுக்கிக் கட்டுவோம். எங்கள் துறையில் படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். தளரக் கட்டினால் பக்கத்துப் படகில் மோதும், சண்டை வரும். தளர்ந்து கிடக்கும் கயிற்றைப் பார்த்தால், "இவங்க வீட்ல கேட்க ஆளில்ல போல" என்று ஊர் பேசும்.

பிறகு ஆற்றின்மேல் பாலம் வந்தது. மேற்கில் இல்லாத பாலம், இவ்வளவு நீளம், இவ்வளவு விளக்கு என்று மாப்பிள்ளைக்கு போன் போட்டுச் சொன்னவன் நான்தான். திறந்த மறுநாளிலிருந்து பெரியவள் சும்மா நின்றாள். துறையில் நின்ற மற்றப் படகுகளை ஒவ்வொன்றாக விறகுக்கும் இரும்புக்கும் போட்டார்கள். நாங்கள் போடவில்லை. சும்மா நின்றாலும் தினமும் கழுவினோம்.

அப்போது தங்கை போன் செய்தாள்.

"பெரியண்ணே, இங்க விரிகுடாவுல பாலமே கட்ட முடியாது, அவ்வளவு அகலம். கம்பெனிக்குப் படகு பத்தலையாம். இவர்கிட்டச் சொல்லிப் பேச வச்சிருக்கேன். பெரியவளைக் கொண்டாந்துடுங்க. சின்னண்ணனையும் சுக்கானியையும் படகோட சேர்த்து எடுத்துக்குவாங்க."

படகை ஓட்டும் எங்கள் சுக்கானி தம்பியைவிட மூத்தவர். சின்ன வயதிலிருந்து எங்கள் படகில்தான் இருக்கிறார். தம்பிக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும். நான் மனைவியை இழந்து வெகுகாலம். எல்லோருக்கும் அந்தப் படகுதான் சோறு. மேற்குக்காரனிடம் போய் நிற்பதா என்று எனக்குள் ஒன்று முறுக்கிக்கொண்டது உண்மைதான். ஆனால் நாங்கள் கைநீட்டிப் போகவில்லை, படகோடு போகிறோம் என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டேன். புதுப் பெயிண்ட் அடித்தோம். கயிறெல்லாம் புதிதாக, கையகலத் தடிமனில் வாங்கினோம்.

கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில் கரையோரமாகவே போய், தென்முனையைச் சுற்றி மேற்கே திரும்பினோம். ராத்திரிகளில் கரையைவிட்டுத் தள்ளி நங்கூரம் போட்டோமே தவிர எங்கும் கரையில் கட்டவில்லை.

அந்த ஊரை அடைந்தது ஒரு காலை வேளை. முதலில் தெரிந்தது கட்டடங்கள். மாப்பிள்ளை சொன்னதில் பொய் அதிகமில்லை என்று நினைத்துக்கொண்டேன், வெளியே சொல்லவில்லை. எங்கள் ஊர் கடலிலிருந்து பார்த்தால் ஒரு கோடு போட்டதுபோல் இருக்கும். இது யாரோ கோபத்தில் அடுக்கிவைத்ததுபோல் குன்றுமேல் குன்றாக ஏறிப் போனது. கம்பெனியின் படகுகள் மிதக்கும் இரும்பு மேடைகளில் நின்றன. படகு தகுதியானதா என்று அதிகாரி பார்க்கும் பரிசோதனை முடியும்வரை எங்களைப் பக்கத்திலிருந்த கற்சுவர்த் துறையில் நிறுத்தச் சொன்னார்கள். தண்ணீர் சுவரின் விளிம்புவரை நிறைந்து நின்றது. படகின் தளமும் கரைக்கல்லும் ஒரே மட்டம்.

"அண்ணே, நம்ம துறை மாதிரியே இருக்கு" என்றான் தம்பி. எனக்கும் அந்த ஒன்று பிடித்திருந்தது.

சுவரில் ஓர் இரும்பு ஏணி தண்ணீருக்குள் இறங்கிப் போனது. "இது எதுக்கு? மீன் ஏறி வர்றதுக்கா?" என்று தம்பி கேட்க, சுக்கானியும் சிரித்தார். சற்றுத் தள்ளி நின்ற இரண்டு தோணிகளின் கயிறுகள் துணி காயப்போடும் கொடிபோலத் தொங்கின. கட்டியவனுக்குக் கை விளங்கவில்லை போலும் என்று பேசிக்கொண்டோம். அதிகாரி வந்து பார்க்கப்போகும் நாள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் ஒன்றாகப் புதுக் கயிறுகளைத் தம்பி தன் கையாலேயே இறுக்கினான். ஒரு விரல் நுழையவில்லை. நான் பார்த்துத் தலையசைத்தேன்.

மாப்பிள்ளை வேகவேகமாக வந்தார். கட்டிப்பிடித்தார். பிறகு கயிற்றைப் பார்த்தார்.

"மச்சான், கொஞ்சம் விட்டுக் கட்டச் சொல்லுங்க. இங்க தண்ணி மூணு ஆள் உயரம் இறங்கும்."

தம்பி விடுவானா? "போன தடவை ரெண்டு ஆள்னு சொன்னீங்களே மாப்பிள்ளை. வருஷத்துக்கு ஒரு ஆள் வளருதா?"

"அட, நிஜமாத்தான்யா."

"உங்க ஊர் மீன் கன்னுக்குட்டி அளவுன்னும் நிஜமாத்தான் சொன்னீங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கடலிலும் தண்ணீர் ஏறும், இறங்கும். முழங்கால் அளவு. இங்கே கூட இருக்கலாம், இடுப்பளவு என்று வைத்துக்கொண்டேன். நாலால் வகுத்துப் பாதி எடுத்தால் அதற்குமேல் வரவில்லை.

"சரி, கம்பெனி ஆள் ஒருத்தன் கயித்துப் பக்கம் நிக்கட்டும். அவனுக்குப் பழக்கம்" என்றார் மாப்பிள்ளை.

"எங்க படகுல வேத்துக் கை படற வழக்கமில்ல" என்றேன். சுக்கானியிடம், "யாரையும் தொடவிடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். முறைப்படிச் சொல்லவேண்டியதைத்தான் சொன்னேன். மாப்பிள்ளையும் வீட்டுக்கு வந்த மச்சானிடம் முதல் நாளே மல்லுக்கட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

தங்கையின் வீடு பத்தாவது மாடியில். எங்கள் வீட்டுக் கூடத்தில் அதன் மூன்று அறைகளையும் வைத்துவிடலாம். சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. ஜன்னலில் உடம்பைப் பாதி வெளியே நீட்டினால் கடல் தெரியும் என்று மாப்பிள்ளை பெருமையாகக் காட்டினார்.

"எங்களுக்கு வாசல்ல நின்னாலே தெரியும்" என்றேன்.

"தெரிஞ்சு என்ன மச்சான், ராத்திரி எட்டு மணிக்கு ஊரே போர்த்திக்கிட்டுப் படுத்துடுமே. இங்க அப்பதான் மனுஷன் வெளியவே கிளம்புவான்."

"பகல்ல வேலை முடிச்சவன் படுப்பான்."

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தங்கை என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் தாழ்ந்த குரலில் பேசினாள்.

"பெரியண்ணே, இன்னைக்கு நல்லபடியா முடியணும். உன் பொறந்த வீட்டு ஓட்டைப் படகுக்கு என் பையன் பேரை அடகு வைக்கணுமான்னு மாமியார் கேட்டாங்க. எங்க அண்ணன்க வேலையைப் பார்த்துட்டுப் பேசுங்கன்னு நானும் எதிர்த்துச் சொல்லிட்டேன். இந்த வீட்டுக்கு வந்து நான் எதிர்த்துப் பேசினது அது ஒண்ணுதான்."

"உன் தலை குனியாதும்மா" என்றேன்.

இலையின் முன் உட்கார்ந்தோம். முதல் கவளம் எடுத்திருப்பேன். மாப்பிள்ளையின் போன் அடித்தது. சாப்பிட்டுக்கொண்டே எடுத்தவர், கேட்கக் கேட்க மெல்லுவதை நிறுத்தினார். "வெட்டச் சொல்லு. அவர் சொல்றதைக் கேக்காதே, நான் சொல்றேன், வெட்டு" என்றார். கை கழுவாமலே எழுந்துவிட்டார்.

ஊர் முழுக்கக் கார்கள். நகரவில்லை. எங்கள் ஊராக இருந்தால் துறைக்கு நடந்தே ஓடியிருப்பேன். மாப்பிள்ளை ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பி இரண்டு முறை, "என்ன ஆச்சு மாப்பிள்ளை?" என்று கேட்டான். அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காததிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

துறையில் போய் இறங்கியபோது கடலைக் காணவில்லை. காலையில் விளிம்புவரை நின்ற தண்ணீர் கீழே, வெகு கீழே கிடந்தது. பச்சைப் பாசி படிந்த சுவர் ஒரு கிணற்றைப்போல் இறங்கியது. அந்த ஏணியின் படிகள் எல்லாம் வெளியே தெரிந்தன. பெரியவள் முன்கயிறுகள் இரண்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். பின்கயிறுகளும் நடுக்கயிறும் கட்டியிருந்த மரக்கட்டைகள் தளப் பலகையோடு பிய்ந்து வந்து, கயிற்றோடு சுவரில் ஆடிக்கொண்டிருந்தன. பின்பாதி தண்ணீருக்குள். இருக்கைகள் எல்லாம் சரிந்து பின்னால் குவிந்திருந்தன. எஞ்சின் அறைக்குள் தண்ணீர் போய்வந்த சத்தம் மேலே கேட்டது.

சுக்கானி நனைந்து நின்றார். கம்பெனி ஆட்கள்தான் அவரை இழுத்துப்போட்டிருக்கிறார்கள்.

"மொதல்லயே தளர்த்துன்னாங்க தம்பி" என்று என் தம்பியிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை. "அவங்க பண்ணட்டுமான்னு கேட்டாங்க. யாரையும் தொடவிடாதேன்னு சொல்லிட்டுப் போனாரே, நானே பார்த்துக்குறேன்னேன். நான் கைவச்சப்ப முடிச்சு இறுகிப்போச்சு. வெட்டுறேன்னு கோடாலியோட வந்தாங்க. புதுக் கயிறாச்சேன்னு ஒரு நிமிஷம் நின்னுட்டேன்."

பழைய கயிறாக இருந்திருந்தால் அதுவே அறுந்திருக்கும். படகு பிழைத்திருக்கும். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

எங்கள் கண்முன்னாலேயே முன்பக்கத்துக் கட்டையும் பிடுங்கிக்கொண்டது. சுவரின் அடியில் பாறைத் திட்டு இருந்திருக்கிறது. பெரியவள் அதன்மேல் குறுக்காக விழுந்தாள். அடிமரம் முறிந்த சத்தத்தை நான் எழுதப்போவதில்லை.

பரிசோதனை அதிகாரி ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தார். கையில் பை, கண்ணாடி, சின்ன வயதுதான்.

"யாரோட படகு?"

"எங்களோடது" என்றேன்.

"கட்டினது யாரு?"

"நான்தான் சார்" என்றான் தம்பி.

எங்கள் வீட்டில் பெரியவர் கடைசியாகப் பேசுவது வழக்கம். மற்றவர்கள் சொல்லி முடித்ததும் நான் சொல்லலாம் என்று இருந்தேன். அதிகாரி வேறெதுவும் கேட்கவில்லை. "தண்ணி இறங்கும்னு யாரும் சொல்லலையா?" என்று தம்பியை மட்டும் பார்த்துக் கேட்டார். தம்பி, "சொன்னாங்க சார்" என்றான். அதிகாரி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. ஒரு குத்தல், ஒரு கிண்டல், 'நான் அப்பவே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியும். அவர் எனக்குத் தலையணை கொண்டுவந்து போட்டார். அவருடைய அம்மா, "இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். தங்கை பரிமாறினாள். யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினாள்.

ஜன்னலுக்கு வெளியே சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க ஊரே கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. தினமும் அப்படித்தானாம். ஒரு பொழுது முடிவதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

படகை எடுக்கக்கூட வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரும்பையும் எஞ்சினையும் கழற்றிக்கொண்டு, மரத்தைக் கம்பெனியே அப்புறப்படுத்தியது. அதெல்லாம் முடிகிறவரை அந்தப் பத்தாவது மாடியில் இருந்தோம். ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று நான் பெட்டியைக் கட்டும்போது மாப்பிள்ளை தயங்கித் தயங்கி வந்தார்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கற்சுவர்த் துறையில கயிறு பார்க்குற வேலை ஒண்ணு இருக்கு. தண்ணி ஏறுறப்ப இழுத்து, இறங்குறப்ப விட்டுக்கொடுக்கணும். சின்ன மச்சானுக்குக் கேட்டேன். தர்றாங்க. சுக்கானிக்கும் ஒரு இடம் இருக்கு."

"எங்க வீட்டு ஆள் அடுத்தவன் படகுக்குக் கயிறு பிடிச்சதில்ல மாப்பிள்ளை. ரொம்ப நன்றி" என்றேன்.

"அண்ணே, நான் சேரப்போறேன்" என்றான் தம்பி.

அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவில்லை. நான் பேசும்போது அவன் உட்கார்ந்திருந்து நான் பார்த்ததில்லை.

"என்னடா சொல்றே?"

"ஊருக்குப் போய் என்ன பண்றது? பாலத்துல நின்னு வேடிக்கை பார்க்குறதா?"

"அந்தத் துறையில, அவங்க முன்னாடி, அதே சுவர்ல நின்னு நீ கயிறு பிடிக்கப்போறே. போறவன் வர்றவன் எல்லாம் உன்னைக் காட்டி என்ன சொல்லுவான்?"

"சொல்லட்டுமே. உள்ளதைத்தானே சொல்லுவான்."

"நம்ம அப்பா பேரு..."

"அண்ணே," என்றான். குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு அவர் யாரு கட்டினதுன்னு கேட்டப்ப நான் சொன்னேன். நீங்க ஒண்ணும் சொல்லல. இப்பவும் ஒண்ணும் சொல்லாதீங்க."

மாப்பிள்ளை மெதுவாக அறையைவிட்டு வெளியே போனார். சுக்கானி, தான் எங்கே போவது என்று என்னிடம் கேட்கவே இல்லை.

ரயில் நிலையத்துக்குத் தங்கை மட்டும் வந்தாள். எனக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடித்துத் துண்டைப் போட்டாள். தண்ணீர் பாட்டில் வாங்கித் தந்தாள். வண்டி கிளம்பும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ண வேணாம் பெரியண்ணே. வீட்ல எல்லாரும் இருப்பாங்க. நானே பண்றேன்."

"எப்ப?"

"பண்றேன்" என்றாள்.

ஊருக்கு வந்தபின் கேட்டவர்களிடமெல்லாம், தம்பி அங்கே கம்பெனி வேலையாக இருக்கிறான், படகை நல்ல இடத்தில் கொடுத்துவிட்டோம் என்று சொன்னேன். நான் சொன்னதை யாரும் மறுத்துக் கேட்கவில்லை. எங்கள் துறையில் போய் நின்றேன். தண்ணீர் எப்போதும்போல் படியோரம் அசையாமல் நின்றது. இந்தக் கடலை நம்பி அப்பா வாழ்ந்தார், நான் வாழ்ந்தேன். இதில் யாருக்கு என்ன சாமர்த்தியம் வேண்டியிருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பாலத்தின்மேல் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின.

தம்பி மனைவி என் எதிரே நின்று பேசுகிறவள் அல்ல. கதவுக்குப் பின்னால் நின்றுதான் சாப்பிடக் கூப்பிடுவாள். அவளிடம் எப்படிச் சொல்வது, எதிலிருந்து ஆரம்பிப்பது என்று ஒரு வாரமாக மனதுக்குள் கோத்து வைத்திருந்தேன். அவன் சீக்கிரம் திரும்பிவிடுவான், இது அவன் புத்தி கலங்கியிருக்கும் நேரம், வீட்டின் கௌரவம் தெரிந்தவன், என்றெல்லாம். ஒரு காலை கூடத்துக்கு வந்தபோது பரணிலிருந்த பெட்டிகள் கீழே இறங்கியிருந்தன. குழந்தைகளின் துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"பாப்பாங்களுக்கு இங்க ஸ்கூல்ல டி.சி. வாங்கிட்டேன் பெரியத்தான். அங்க சீட் கிடைச்சிடுச்சாம். அவருக்கு ரூம் கொடுத்திருக்காங்க. சின்னதுதானாம்."

"எப்ப பேசினே?"

"தினம் பேசுறோமே."

தினமும் பேசியிருக்கிறார்கள். இந்த வீட்டுக்குள், நான் இருக்கும்போதே. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, சுவர், கயிறு, அதிகாரி கேட்டது, நான் பேசாமல் நின்றது வரைக்கும். நான் கோத்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட அவளுக்குத் தேவைப்படவில்லை.

"என்னைக்குக் கிளம்புறீங்க?"

"நாளைக்கு. சுக்கானி வீட்டம்மாவும் எங்களோடதான் வர்றாங்க."

தலையசைத்தேன். என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் போகாமல் நின்றாள். ஏதோ கேட்கப்போகிறாள், நீங்களும் வாங்க என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொன்னால் மறுப்பதற்குத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உங்க சாப்பாட்டுக்கு எதிர்வீட்ல சொல்லி வச்சிருக்கேன் பெரியத்தான்" என்றாள். "அந்தக்கா காரம் கொஞ்சம் கூடப் போடுவாங்க. உங்களுக்கு ஆகாதுன்னு சொல்லியிருக்கேன். குறைச்சுப் போடுறேன்னாங்க."